என் குரலில் கேட்டவை

கரண்ட் வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் இப்படி உட்காருங்கம்மா என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். கை காட்டிய இடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதற்கு ஒரு கால் குட்டை போலிருக்கிறது, மூச்சை இழுத்தால் அந்தப் பக்கம் சாய்கிறது, விட்டால் இந்தப் பக்கம். தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் நிற்கிறது. மாதத்தில் ஒரு நாள் கம்பி வேலை என்று கரண்டை நிறுத்துவார்களே, அது இன்றைக்கென்று வந்து வாய்த்தது. மூன்று மணியாகும், நாலு மணியாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் உள்ளே அந்தக் கம்ப்யூட்டர் கறுத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும், அதற்குள்ளே என் குரல் உட்கார்ந்திருக்கும். ஆமாம், என் குரல்தான். என்றைக்கோ நான் போனில் கேட்ட ஒரு கேள்வி, எழுத்தாக மட்டும் இல்லை, கேட்டது கேட்டபடி சத்தமாகவே இருக்கிறதாம். மகள் வினோதினி இந்தப் போனை வாங்கிக் கொடுத்த அன்று அது ஒவ்வொன்றாகச் சம்மதம் கேட்டது, நானும் எதையும் படிக்காமல் சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். அதில் ஒரு சரி, உங்கள் குரலைச் சேர்த்து வைத்துக்கொள்ளட்டுமா என்பதற்காம். நன்றாக வைத்துக்கொள். இப்போது அதைப் போட்டுக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, மேட்டூர் வண்டி கண்டக்டர் நாச்சிமுத்து என்றால் பவானியில் பாதிப் பேருக்குத் தெரியும், போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாரே, அவரை இந்தத் துளசிமணி கொன்றாளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கொன்றேனா என்றால் இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டேனா என்றால் அங்கேதான் சேலை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பொம்பளைகளை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாதாம், சட்டம் இருக்கிறதாம், நாங்களே வீட்டுக்கு வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் சாமி, ஜீப் வந்து வாசலில் நின்றால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அன்றைக்கு உலை கொதிக்காது, நானே வருகிறேன் என்று காலையிலேயே வந்தேன். மேஜைமேல் ஒரு கட்டுத் தாள். என் போனில் தேடியதெல்லாம் அதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். மேட்டூர் அணை கட்டும்போது மூழ்கிப்போன ஊர்கள். யானைக்கு முட்டி எத்தனை. சிங்கப்பூர் பஸ்ஸில் கண்டக்டர் உண்டா. காக்காய் தூங்கும்போது எந்தக் காலில் நிற்கும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்கம்மா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” பிறகு ஸ்கேல் ஒரு இடத்தில் நின்றது. அடியில் சிவப்பு மையில் கோடு. தூக்க மாத்திரை எத்தனை சாப்பிட்டால் உயிர் போகும். “இத நீங்க கேட்டீங்களா?” ஞாபகம் இல்லீங்க என்றேன். “போனு உங்களுது. குரலும் ஒரு பொம்பளையோட குரல்னு வந்திருக்குது. வீட்ல இருந்தது நீங்க ரெண்டு பேருதான்.” அவரு கேக்கறதத்தானுங்க நான் கேப்பேன் என்றேன். “அவருக்குத்தான் பேச்சே வராதுன்னு உங்க நாத்தனார் புகார்ல எழுதியிருக்காங்களே. அப்புறம் அவரோட கண்ணாடிக் கூட்டுக்குள்ள தூக்க மாத்திரைத் தூள் ஒட்டியிருந்துச்சுன்னு லேப்ல சொல்றாங்க. அது எப்படி அங்க போச்சு?” எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லச் சொல்ல, தெரிந்தே மறைப்பவள் குரல் மாதிரி எனக்கே கேட்டது.

பேச்சு வராதா? சிவகாமி சொன்னாளாம். என் நாத்தனார், கோபியில் கட்டிக் கொடுத்தது. அண்ணன் படுத்த பிறகு தீபாவளி, பொங்கல் என்று நோம்பிக்கு நோம்பி வருவாள், கட்டில் ஓரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு தடவை குனிந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால், சிவகாமி நீ ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அவர் விசாரித்தது தெரிந்திருக்கும். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது. வாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது போதாதென்று நாக்கிலும் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதி நாக்கில் வருகிற பேச்சு ஊராருக்கு வெறும் சத்தம். டாக்டருக்கும் சத்தம். பெற்ற மகளுக்கே பாதி சத்தம். எனக்கு மட்டும் அது பேச்சு. துளசி என்பது உளயி என்று வரும், தண்ணி அண்ணி என்று வரும், கொஞ்ச நாளில் அதுதான் எனக்கு ஒழுங்கான பேச்சாகிவிட்டது, டீவியில் பேசுகிறவர்கள் எதற்கு இப்படி ஒவ்வொரு எழுத்தையும் போட்டு நசுக்குகிறார்கள் என்றிருக்கும். இதே வாய்தானே ஒரு காலத்தில் ஊராட்சிக்கோட்டை, சிங்கம்பேட்டை, அம்மாபேட்டை, நெருஞ்சிப்பேட்டை என்று முழங்கினது. கல்யாணமான புதிதில் அவர் வண்டியிலேயே அம்மா வீட்டுக்குப் போவேன், யாரோ மாதிரி பக்கத்தில் வந்து நின்று, சில்லறையாக் குடும்மா என்பார், வண்டியே சிரிக்கும், எனக்குக் கோபமும் வரும் வேர்த்தும் போகும். கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருநாள், ஊதுகிற மாதிரி எதையாவது கொடுங்கள், வாய்க்கு நல்லது என்றாள். பலூன் கொடுத்தேன், நான் என்ன குழந்தையா என்று கோபித்துக்கொண்டார். பீரோவில் காக்கிச் சட்டை மடிப்புக்குள் பழைய விசில் இருந்தது, அதைக் கொடுத்தேன். இடது பக்கப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு ஊது ஊதினார், தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான்தான் வண்டி. ஒரு விசில் அடித்தால் எங்கே இருந்தாலும் வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும். காரியம் முடிந்ததும் ரெண்டு விசில், போலாம் ரைட், நான் எழுந்து போய்விட வேண்டும். ஏன் எதற்கு என்று கிடையாது, காதில் விழுந்ததும் கால் தானாக எழும். இதையெல்லாம் போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது. வயசான காலத்தில் புருஷன் எனக்கு விசில் அடிப்பார் என்றா?

அவருக்குக் கேள்வி கேட்காமல் சோறு இறங்காது. வேலையில் இருந்தவரைக்கும் வண்டியில் ஏறுகிறவர்களைக் கேட்பார், வாத்தியார் ஏறினால் வாத்தியாரை, மாட்டு வியாபாரி ஏறினால் மாட்டு வியாபாரியை. படுத்த பிறகு யார் ஏறப் போகிறார்கள், நான் ஒருத்திதான், எனக்கு யானையின் முட்டியைப் பற்றி என்ன தெரியும். அதனால் போன். ஒரு விசில் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய், போனில் அந்த மைக் படத்தை அழுத்தி அவர் வாய்க்கு முன்னால் பிடிப்பேன், இன்றைக்காவது அதற்குப் புரியாதா என்று ஒரு ஆசை. புரியாது. அவர் கேட்டு முடித்த கையோடு, திரையில் மின்னுகிற அந்த வட்டம் அணைவதற்குள், அதையே நான் ஒரு தடவை திருத்தமாகச் சொல்வேன். அர்த்தத்தை நான் பார்த்ததே இல்லை. வாய் அவர் கேள்வியைச் சொல்லும், கண் அடுப்பில் இருக்கும், மனசு தண்ணீர் வருகிற சத்தத்துக்காகக் குழாயடியில் நிற்கும். பிறகு வருகிற பதிலையும் நானே படித்துக் காட்டுவேன், படுத்ததிலிருந்து அவர் கண்ணாடியைத் தொட்டதில்லை, நீயே படி என்பார். படித்ததும் ரெண்டு விசில், முடிந்தது. இப்படி எத்தனை நூறு போயிருக்கும். அதோடு அதாக இதுவும் என் வாய் வழியாகப் போயிருந்தால்? போயிருந்தால் முதலில் அவர் சத்தம் இருக்கும், பிறகு என் குரல் இருக்கும், இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு சரி நீங்க போங்கம்மா என்பார், நான் வீட்டுக்குப் போவேன். போய்? பதிலையும் நான்தானே படித்துக் காட்டியிருப்பேன். அடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, யானைக் கணக்கைச் சொன்ன அதே வாயால், இத்தனை என்று. அவர் சத்தம் இல்லாமல் என் குரல் மட்டும் இருந்தால் ஜெயில். அவர் சத்தமும் இருந்தால் வீடு, ஆனால் எப்பேர்ப்பட்ட வீடு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் காலையிலிருந்து சங்கமேஸ்வரா, சங்கமேஸ்வரா என்று பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சாமிக்கும் ஒன்றும் புரியாமல்தான் இருக்கும்.

ஸ்கேல் இன்னொரு வரியிலும் நின்றது. பக்கவாதம் வந்தவர் எத்தனை வருடம் இருப்பார். அது நான். மறைக்கவில்லை, இது நான் கேட்டதுதானுங்க என்றேன், இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டேன், ஈரக் கையில் போன் வழுக்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. நிறைய வருடம் இருக்க வேண்டும் என்று கேட்டேனா, சீக்கிரம் முடியட்டும் என்று கேட்டேனா, அது போனுக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஒற்றையாளாக அவரைத் திருப்பிப் படுக்க வைத்து இடுப்பு விட்டுப்போன நாட்கள் உண்டு. எனக்கு முன்னால் போய்ச் சேருங்கள், இல்லையென்றால் உங்களை யார் பார்ப்பது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அவர் சிரித்துக்கொண்டு ரெண்டு விசில் அடிப்பார், எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதனால்தான் பயமாக இருக்கிறது. அந்தச் சிவப்புக் கோட்டுக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்று ஒரேயடியாகச் சத்தியம் பண்ண வாய் வரவில்லை. கேட்டுவிட்டு மறந்திருப்பேனோ? மனசு ஒரு மூலையில் ஒன்றைச் செய்துவிட்டு இன்னொரு மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்குமோ? தேதியை வைத்து யோசித்துப் பாருங்கள் என்கிறார் இன்ஸ்பெக்டர். படுத்தவர் இருக்கிற வீட்டில் தேதி எங்கே இருக்கிறது. கீரை கடைந்த நாள், பால் திரிந்த நாள், சிவகாமி வந்த நாள், அவ்வளவுதான் எங்கள் காலண்டர். ஆடி கடைசி, பகல் நேரம் என்கிறார். ஆடி கடைசியில் நான் என்ன சமைத்தேன்?

“டீ வாங்கியாரச் சொல்லட்டுங்களாம்மா?” பெண் போலீஸ். சுகந்தி என்று சட்டையில் இருக்கிறது, வினோதினி வயசுதான் இருக்கும். “வேண்டாங் கண்ணு. இந்தப் புழுக்கத்துல எதுவும் எறங்காது.” “பொண்ணு எங்க வந்திட்டிருக்காங்களாம்?” “சேலம் தாண்டிட்டாளாம். உன்ற போன்லதான பேசுனேன்.” “வந்துருவாங்க. பயந்துக்காதீங்க.” பயமெல்லாம் இல்லை என்று தலையாட்டினேன். ஓசூரிலிருந்து வருகிறாள் வினோதினி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதை யோசித்துக்கொண்டு வருகிறாளோ. போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சாப்டியா, மாத்திரை போட்டியா, வக்கீலுக்குச் சொல்லியிருக்கேன். கடைசியில், பஸ் இரைச்சலுக்கு நடுவே, “அம்மா, அது அப்பா கேட்டதா, நீ கேட்டியா?” என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, எனக்கே தெரியாததை அவள் எப்படித் தெரிந்துகொள்வாள். இவள் வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது எப்போது? அவள் அப்பா கண்ணாடி கேட்ட அன்றைக்கு. ஆமாம், அன்றைக்குத்தான். ஏதோ கேட்பதற்காகக் கூப்பிட்டார், போனை நீட்டிக்கொண்டிருந்தேன், திடீரென்று கண்ணாடி கொடு என்றார். படுத்ததிலிருந்து ஜன்னல் திட்டில் கூட்டோடு தூசியடைந்து கிடந்த கண்ணாடி. நானே என்றார். ஆனே என்று வந்தது. நீ படிக்க வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டேன். தானாகப் படிக்க ஆரம்பித்த ஆள் தானாக எழுந்து உட்காருவார், அப்புறம் நடப்பார், ஏன் மாட்டார், எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள். அவர் படிக்கட்டும் என்று போனை அவர் இடது கையில் விட்டுவிட்டு நேராகப் போய் ரவையை வறுத்தேன். முந்திரி இல்லை, கலர் பொடி இல்லை, வெள்ளைக் கேசரி, கிண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுப் போனில் வினோதினியைக் கூப்பிட்டு உங்கப்பா படிக்கிறார்டி என்றேன், அப்போதுதான் அவள் அப்படிச் சிரித்தாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் நானேதான். டம்ளரை நானே பிடிப்பேன். ராத்திரி மாத்திரையைக் கையில் கொடு, நானே போட்டுக்கொள்வேன். கண்ணாடிக் கூடு தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கூடு. கூட்டைப் பற்றிக் காலையில் இன்ஸ்பெக்டர் என்னமோ சொன்னார். அது கிடக்கட்டும். கேசரியில் நெய் கொஞ்சம் தூக்கல், அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பெஞ்சு அந்தப் பக்கம் சாய்ந்து இந்தப் பக்கம் சாய்கிறது. கண்ணை மூடினால் வண்டி ஓடுகிற மாதிரியேதான் இருக்கிறது. புழுக்கம், டீசல் வாசனை, யாரோ மல்லிகைப் பூ வைத்திருக்கிறார்கள், அது வாடிக்கொண்டிருக்கிறது. ஊராட்சிக்கோட்டை தாண்டிவிட்டதா? ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கேள்விகள் ஏறுகின்றன. யானை ஏறுகிறது, முட்டியை மடக்கித்தான் ஏறுகிறது, ரொம்ப மரியாதையாக இரண்டு சீட்டுக்கு டிக்கெட் வாங்குகிறது. காக்காய் ஒற்றைக் காலில் கம்பியைப் பிடித்து நிற்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் சுத்தமான சட்டையோடு கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் ஊரில் இல்லையோ என்னவோ. அவர் காக்கிச் சட்டையில் வருகிறார், தோளில் பை, விரல் இடுக்கில் மடித்த நோட்டுகள், இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. அம்மாபேட்டை எல்லாம் எறங்கு என்கிறார், ஒவ்வொரு எழுத்தும் முழுசாக வருகிறது, எனக்கு அந்தக் குரல் பழக்கம் விட்டுப்போய் யாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன். ஆறு ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. அணைக்குள் மூழ்கின ஊர்கள் தண்ணீருக்கு அடியில் தெரிகின்றன, கோயில் கோபுரம், அதற்குப் பக்கத்தில் யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள், தண்ணீருக்குள் எப்படிக் காயும் என்று நினைக்கிறேன், இதை அவரிடம் கேட்க வேண்டும். படிக்கட்டில் ஒன்று நிற்கிறது. முக்காடு போட்டிருக்கிறது, முகம் தெரியவில்லை. கடைசியாக ஏறினது அதுதான். இது யார்கூட வந்தது என்று அவர் சத்தமாகக் கேட்கிறார். எல்லோரும் கீழே பார்க்கிறார்கள். யானைகூடக் கீழே பார்க்கிறது. என்கூட வந்தது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் டிக்கெட்டை நான் எடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர்தான் எடுக்க வேண்டும். மாமா என்று கூப்பிடுகிறேன். மாமா, எனக்கு எங்க போறதுன்னு தெரியல, எங்கியோ ஒரு எடத்துக்கு டிக்கெட் குடுங்க. அவர் என் பக்கத்தில் வந்து குனிகிறார். உனக்கு டிக்கெட் இல்ல தொளசி, இது அந்த வண்டி இல்ல, நீ எறங்கிக்கோ என்கிறார். எங்கே இறங்குவது, சுற்றிலும் தண்ணீர். நெற்றியில் காற்று படுகிறது, தண்ணீர்க் காற்று, சில்லென்று, பிறகு சூடாக, பிறகு கடகடவென்று ஒரு சத்தம்.

ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது. “அம்மா, வாங்க,” என்று சுகந்தி தோளைத் தொட்டாள். உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எதிர் நாற்காலியைக் காட்டினார், சிவப்புக் கோட்டுத் தாளை எடுத்து வைத்து அதன்மேல் ஸ்கேலையும் வைத்தார். “பொறுமையாக் கேளுங்க. ரெண்டு பேரும் என்ன பேசறீங்கன்னு அப்புறம் சொல்லுங்க,” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, “ரெண்டு பேரு இருந்தா,” என்றார். முதலில் ஒரு கொரகொரப்பு வந்தது. அது எங்கள் வீடு. எங்கள் வீட்டுச் சத்தத்தை வெளியில் இருந்து நான் கேட்டதே இல்லை, கொல்லைக் குழாய் சொட்டுகிறது, தூரத்தில் பழைய இரும்புக்காரன் மைக்கில் கத்திக்கொண்டு போகிறான். பிறகு, உளயி. அவர்தான். நிதானமாக, அவசரமே இல்லாமல், அந்தப் பாதி நாக்கில் ஒரு கேள்வி கேட்டார். அது எல்லோருக்கும் சத்தம், எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. உடனே என் குரல், பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி, தூக்க மாத்திரை எத்தனை சாப்பிட்டால் உயிர் போகும். ஐயோ, என்ன துல்லியமாகச் சொல்கிறாள், அர்த்தம் தெரியாத பாவி. அப்புறம் அவர் மறுபடியும். ண்ணாடி. ஆனே. அப்புறம் நான், ஆனால் அந்த போர்டு படிக்கிற குரல் இல்லை, “கண்ணாடியா! நீங்களே படிக்கறீங்களா மாமா? இருங்க, இருங்க, இதா,” என்று ஒரு சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு எனக்கு இருந்ததே எனக்குத் தெரியாது, கல்யாணப் பெண் சிரிக்கிற மாதிரி இருந்தது. டப்பென்று கூடு திறந்தது. உடனே ரெண்டு விசில். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அந்த நாள்தானா. எத்தனையோ நாள் இருக்க, கேசரி கிண்டின நாள்தானா. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். “முதல்ல கேட்டது அவருதானுங்களா?” ஆமாங்க என்றேன். “அப்புறம் கண்ணாடி கேக்கறாரு. அது எனக்கே புரியுது. பதில நீங்க படிச்சுக் காட்டலீங்களா?” “இல்லீங்க. நானே படிச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு.” “அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?” சொல்ல வெட்கமாக இருந்தது. “கேசரி கிண்டிட்டு இருந்தேனுங்க. அவரு தேறிட்டாருன்னு நெனச்சேன்.” சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இருந்திருந்து எல்லாக் கேள்வியையும் என் வாயால் கேட்டீர்கள், பதிலை மட்டும் என் வாயில் போடாமல் என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டீர்களா மாமா, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள். ஒரு தடவை திரும்பி வந்து எட்டிப் பார்க்க விட்டீர்களா. வெள்ளைக் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்களே, எப்படி இறங்கியது? இன்ஸ்பெக்டர் தாளின் மேலிருந்து ஸ்கேலை எடுத்துவிட்டார். “வாக்குமூலத்துல எழுதணும், இன்னொரு வாட்டி போடறேன். அந்தக் கடைசியில வர்ற சத்தம் மட்டும் என்னன்னு சொல்லுங்க,” என்று மறுபடியும் ஓடவிட்டார். குழாய் சொட்டியது, இரும்புக்காரன் போனான், உளயி என்று கூப்பிட்டார், நான் கேட்டேன், நான் சிரித்தேன், கூடு திறந்தது, விசில் ஒன்று, விசில் இரண்டு. “எங்கம்மா எந்திரிச்சுட்டீங்க? இன்னும் எழுதி முடிக்கல, உக்காருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “ரெண்டு அடிச்சா நான் போயிரோணுமுங்க,” என்றேன்.